ஆம்ப், ஸ்பீக்கர், ஒயர்: மறைத்து வைத்துக் கேட்டுப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று கரையோரம் நெடுகிலும் பாட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் நிறைய. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், இலங்கை வானொலியை வீட்டு ரேடியோவில் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. 'சவுண்ட் கிளியரா இருக்கா' என்பது இந்தப் பக்கம் பழைய பேச்சு. எந்த ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) நல்லது, எந்த ஸ்பீக்கர் நல்லது என்று பேச்சு முற்றும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றே: சாமானைத் துணி போட்டு மூடுங்கள், சத்தத்தை மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள், பிறகு பேசுவோம். பிளைண்ட் டெஸ்ட் என்பது இதுதான். அப்படிச் சொன்னதும் வருகிற கேள்விகள் இவை.

பிளைண்ட் டெஸ்ட் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதா?

கண்ணைக் கட்ட வேண்டியதில்லை. எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். வழக்கமான முறைக்கு ஏபிஎக்ஸ் என்று பெயர். முதலில் ஏ எது, பி எது என்று சொல்லியே கேட்க வைப்பார்கள். பிறகு எக்ஸ் என்று ஒன்றை ஓட்டுவார்கள். அது ஏ-யா பி-யா என்று கேட்பவர் சொல்ல வேண்டும். 1950-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சனும் கார்ட்னரும் இந்த முறையை எழுதி வைத்தார்கள். வீட்டு ஆடியோ உலகத்தில் இது பரவியதற்கு டேவிட் கிளார்க் 1982-இல் எழுதிய கட்டுரையும், அவரும் நண்பர்களும் செய்த ஒப்பீட்டுப் பெட்டியும் காரணம்.

முப்பது வருசமா பாட்டு கேக்குற காது. அதை நம்பக் கூடாதா?

தாராளமாக நம்புங்கள். கண் தரும் சாட்சியத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1994-இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்து ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள், ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முறை கண்ணெதிரே வைத்து. திரைக்குப் பின்னால் நன்றாக மார்க் வாங்கிய விலை குறைந்த சின்ன ஸ்பீக்கர் செட், கண்ணுக்குத் தெரிந்ததும் இறங்கிவிட்டது. பெரிய பெட்டிகள் ஏறிவிட்டன. எனக்கு இதில் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது சத்தம் மாறியதை, மறைத்துக் கேட்டவர்கள் கவனித்த அளவுக்குப் பார்த்துக் கேட்டவர்கள் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் ஸ்பீக்கர் செய்கிற கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள்.

சவுதியிலிருந்து எங்க காக்கா (அண்ணன்) கொண்டு வந்த ஆம்பும் உள்ளூரில் போர்டு வாங்கிச் சேர்த்த ஆம்பும் இருக்கு. சவுதி ஆம்ப்தான் தெளிவா இருக்கு. இதுக்கு டெஸ்ட் எதுக்கு?

எந்த ஆம்பில் வால்யூம் எவ்வளவு வைத்துக் கேட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. 'இரண்டிலும் பாதி' என்றால் அதற்குப் பொருளே இல்லை. இரண்டு ஆம்பின் கெயினும், அதாவது பெருக்கும் அளவும், வேறு. குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் மூன்று, நான்கு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வித்தியாசம் சாதாரணமாக வரும்.

சத்தம் கூடினால் மனசுக்கு 'சத்தம் கூடிவிட்டது' என்றே படும் என்பதில்லை. ஏற்றம் அரை டெசிபலுக்கும் கீழே இருக்கும்போது அது 'தெளிவு', 'உயிர்', 'பாஸ் இறுக்கம்' என்று வேறு வேறு பெயரில் வந்து நிற்கும். அதிலும் நம் காது குறைந்த சத்தத்தில் பாஸையும் உச்ச ஸ்தாயியையும் மட்டமாகவே கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வரைந்து காட்டிய விஷயம் இது. ஆகவே கொஞ்சம் கூடுதலாக ஓடுகிற ஆம்பில் பாஸும் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும். கடையில் விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சமமாக்குவது இப்படி. ஒரே டோனை (ஒரே சுருதியில் நிற்கும் ஒலியை) இரண்டு ஆம்பிலும் ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். 0.1 டெசிபலுக்குள் பொருத்துவது வழக்கம். வோல்ட்டேஜில் அது 1.2 சதவீதம் வித்தியாசம். 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் என்பது 2.83 வோல்ட். ஒன்று 2.83 காட்டினால் மற்றது 2.80-க்கும் 2.86-க்கும் நடுவில் நிற்க வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை, மேலே போகப் போகத் தப்பாகக் காட்டும். எனவே 200 ஹெர்ட்ஸ் டோனே போதும். இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய வால்யூம் குமிழ்களில் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுவதில்லை. ரிமோட்டில் ஒரு படிக்கு ஒரு டெசிபல் என்று தாவுகிற ஆம்பை அப்படியே விட்டுவிட்டு, சுற்றுக் குமிழ் உள்ள ஆம்பை அதற்குப் பொருத்துங்கள்.

இதை மட்டும் செய்துவிட்டாலே பாதிச் சண்டைக்கு வேலையில்லாமல் போய்விடும்.

காதாலேயே சமமாக்கினால் போதாதா? போன் ஆப் இருக்கே?

போதாது. காது எதைக் கண்டுபிடிக்கிறது என்று சோதிக்க வந்துவிட்டு அதையே தராசாக வைக்க முடியாது. போன் ஆப்பில் எண் நிலையாக நிற்காது. ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது மட்டும், வேறு வழியில்லாததால், பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) ஓட்டி மைக்கை ஒரே இடத்தில் ஸ்டாண்டில் பொருத்தி அளக்கலாம்.

சரி, வீட்டில் எப்படி நடத்துவது?

ஆள் மூன்று பேர் இருந்தால் நல்லது. கேட்பவர் ஒருவர், மாற்றுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஆம்புகளை அடுத்த அறையில் வைத்து ஒயரை மட்டும் நிலைக்கு அடியில் இழுத்து வந்துவிட்டால் திரைகூட வேண்டாம். ஒரே பிளேயரிலிருந்து ஒய் கேபிள் போட்டு இரண்டு ஆம்புக்கும் பாட்டைக் கொடுங்கள்.

மாற்றுவதற்கு ரிலே பெட்டி எல்லாம் தேட வேண்டாம். ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் நடுவில் போடுகிற நான்கு போல் (நான்கு ஒயரை ஒன்றாக மாற்றுகிற) சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், அதுவே போதும். அதில் நடுவில் 'ஆஃப்' இருப்பதுதான் முக்கியம். ஒரு ஆம்ப் முழுதாக விலகிய பிறகே அடுத்தது சேரும். இரண்டு ஆம்பின் வெளியீடும் ஒரு கணம் ஒட்டினாலும் அவுட்புட் போய்விடும். நான்கு போல் ஏன் என்றால், இப்போது வருகிற கிளாஸ் டி வகை ஆம்ப் போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல. மைனஸ்களைப் பொதுவாக இணைத்துவிட்டு ப்ளஸை மட்டும் மாற்றினால் புகை வரும். இரண்டு பக்கம், இரண்டிரண்டு ஒயர், ஆக நான்கையும் மாற்ற வேண்டும். இன்னொன்று: வால்வு ஆம்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ள பழைய வகை) ஸ்பீக்கர் சேராமல் பாட விடக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடிபடும். வால்வு ஆம்ப் இருந்தால் சுவிட்ச் விலகி நிற்கும் நேரத்தில் அதற்கு ஒரு டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் ரெசிஸ்டர்) வைக்க வேண்டும்.

அடுத்து எது என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். 'நானே கலந்து விடுகிறேன்' என்று மனதால் கலப்பவர்கள் தொடர்ந்து மூன்று முறை ஒரே ஆம்பைப் போட மாட்டார்கள். காசு போடும். நான் பார்த்த நல்ல ஏற்பாடு, சாயங்காலமே ஒரு பையனிடம் காசைக் கொடுத்து, பூவா தலையா என்று பள்ளிக்கூட நோட்டில் வரிசையாக எழுதச் சொல்லி, தாளை மடித்து மாற்றுபவர் கையில் கொடுத்துவிடுவது. அதே ஆம்ப் மறுபடி வந்தாலும் சுவிட்சை ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் 'டக்' சத்தமே விடையைச் சொல்லிவிடும்.

மாற்றுபவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமா?

முகம் இருக்கிறதே. ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை என்று ஹான்ஸ் பெயர் வாங்கியிருந்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தபோது, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் ஆள் தன்னையறியாமல் தலையை லேசாக அசைத்ததைத்தான் அது படித்திருக்கிறது. குதிரைக்கே முடிகிறது, மச்சான் முகத்தை மச்சானுக்குப் படிக்கத் தெரியாதா? மாற்றுபவர் கண்ணில் படாமல் இருக்கட்டும். 'ரெடி' என்பதைக்கூட விளக்கைப் போட்டுத் தெரிவிக்கலாம்.

எத்தனை தடவை சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்?

வெறும் குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாகும். ஆகவே கணக்கு அதற்கு மேலே தொடங்குகிறது. 16 தடவையில் 12 சரியென்றால், குருட்டு யோகத்தில் அது வருவதற்கு 26-இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. பொதுவாக இதை ஒப்புக்கொள்கிறார்கள். 10 தடவைதான் முடியும் என்றால் 9 வேண்டும். 10-க்கு 8 என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 18-இல் ஒரு தடவை சும்மாவே வந்துவிடும்.

எத்தனை தடவை என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'சரியாகச் சொல்கிற வரை' ஓட்டிக்கொண்டே போனால் எப்போதாவது ஒரு இடத்தில் சரியாகத்தான் வரும்.

பத்துப் பேர் உட்கார்ந்தோம். ஒருத்தர் 10-க்கு 8 சொல்லிட்டார். அவருக்குத்தானே உண்மையான காது?

பத்துப் பேரும் காசு சுண்டியே பதில் சொல்லியிருந்தாலும், யாராவது ஒருவராவது 8 அல்லது அதற்கு மேல் எடுக்க 43 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. மாலை போடுவதற்கு முன் அவரை மட்டும் தனியாக இன்னொரு நாள் 16 தடவைக்கு உட்கார வையுங்கள்.

ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்போ வித்தியாசமே இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. இந்த இடத்தில் பிளைண்ட் டெஸ்ட் கட்சிக்காரர்களும் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும். உண்மையாகவே வித்தியாசம் கேட்டு, பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் 16 தடவைக்கு உட்கார்ந்தால், 12-ஐ எட்ட அவருக்கு 45 சதவீத வாய்ப்புதான். அதாவது பாதிக்கு மேல் தோற்றுப் போவார். சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் தடவைகளைக் கூட்ட வேண்டும், பல நாளாகப் பிரித்து வைக்க வேண்டும். தோல்வி சொல்வது ஒன்றுதான்: வித்தியாசம் இருந்தால்கூட அது சின்னது. அதற்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பது உங்கள் சட்டைப் பையைப் பொறுத்தது.

ஸ்பீக்கர்களையும் இப்படி ஒப்பிடலாமா?

ஒப்பிட வேண்டும். காசு போட வேண்டிய இடம் அதுதான். இரண்டு நல்ல ஆம்புகளைச் சமமாக்கிக் கேட்டுத் தடுமாறுகிறவர்களும் இரண்டு ஸ்பீக்கர்களைச் சட்டென்று பிரித்துவிடுவார்கள். ஆனால் சோதனை நடத்துவது கஷ்டம். ஸ்பீக்கர் இருக்கும் இடம் இரண்டடி தள்ளினாலே பாஸ் மாறிவிடும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இரண்டு இடங்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள். ஹார்மன்காரர்கள் ஸ்பீக்கரைச் சில நொடிகளில் ஒரே இடத்துக்குத் தள்ளிக் கொண்டுவர எந்திரமே செய்து வைத்தார்கள். நமக்குத் தரையில் சாக்பீஸ் கோடும், தூக்கி வைக்க ஆளும். ஒரு ஸ்பீக்கரை மட்டும் மோனோவாக ஓட்டுங்கள், குறை நிறை அதில்தான் நன்றாகத் தெரிகிறது.

திரைக்கு மெல்லிய பழைய மல் வேட்டி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் தாராளமாக வர வேண்டும். போர்வை, ஜமுக்காளம் எல்லாம் ட்ரிபிளை, அதாவது உச்ச ஸ்தாயியைத் தின்றுவிடும்.

ஒயர் மாற்றினால் சவுண்ட் மாறுமா?

மாறும், இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று, ஒயர் ரொம்பச் சன்னமாக இருந்தால். 5 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தால், போக வர 10 மீட்டருக்கு ஏறக்குறைய 0.35 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் 0.4 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவான இழப்பு. இது காதில் படக்கூடிய அளவு. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.1 டெசிபலுக்கும் கீழே போய்விடும். அது வீட்டுக்கு வயரிங் இழுக்கிற சாதாரண செம்பு ஒயர். அதற்கு மேல் மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிற ஒயர்களைச் சத்தம் சமமாக்கி, மறைத்து வைத்து, யாரும் என் முன்னால் பிரித்துச் சொன்னதில்லை.

இரண்டாவது சந்தர்ப்பம் நம் கரைக்கே உரியது: களிம்பு. பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் ஸ்பீக்கர் டெர்மினலைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒயரின் இழைகள் பச்சைப் பவுடராக உதிரும். உப்புக் காற்று செம்பை அப்படிச் செய்துவிடுகிறது. ஒரு பக்கம் சத்தம் குறைவு, வால்யூம் திருப்பினால் கரகரப்பு, பாஸ் அடிக்கும்போது விட்டு விட்டு வருவது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. இந்த நிலையில் ஒருவர் புது ஒயர் வாங்கிப் போட்டு 'ஆகா' என்றால் அது உண்மையான 'ஆகா'தான். ஆனால் நன்றி புது ஒயருக்கு அல்ல, பச்சை போனதற்கு. பழைய ஒயரையே இரண்டு அங்குலம் வெட்டி, புது முனை சீவி, லக் (உலோக முனை) அழுத்தி மாட்டியிருந்தாலும் அதே பலன். ஸ்க்ரூ டெர்மினலுக்குள் போகிற முனையில் ஈயம் வைக்க வேண்டாம். நாள்பட அழுத்தத்தில் ஈயம் நசுங்கி ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

எனவே சோதனைக்கு முந்தின நாள் எல்லா முனையையும் சுத்தம் செய்யுங்கள். ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள நுரை வளையத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரக் காற்றில் அது பிசுபிசுத்துப் பொடியும். வளையம் கிழிந்த ஸ்பீக்கரை வைத்து ஆம்பை எடை போடாதீர்கள்.

விலை கூடின வால்வு ஆம்பும் துணிக்குப் பின்னால் தோற்றுவிடுமா?

தோற்காது, பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பல வால்வு ஆம்புகளுக்கு அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டில் உள்ள மின்தடை) அதிகம். 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஒரு ஸ்தாயியில் 6 ஓம், இன்னொன்றில் 30 ஓம் என்று ஏறி இறங்கும். அப்போது இரண்டு இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2 டெசிபல் ஏற்ற இறக்கம் வந்துவிடும். அது டோன் குமிழைத் திருப்பியது போலத்தான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹை-ரெஸ் (சிடியைவிடக் கூடுதல் தரத்தில் பதிந்த) பாட்டு? எம்பி3?

2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி என்ற ஹை-ரெஸ் டிஸ்க் ஓடும்போது நடுவில் அதைச் சிடி தரத்துக்கு இறக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 554 தடவையில் 276 சரி, அதாவது 49.8 சதவீதம், காசு சுண்டியதற்குச் சமம். 2016-இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

எம்பி3 வேறு கதை. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஃபைலை ஜால்ரா, கைதட்டல் ஓட்டி எளிதாகப் பிடிக்கலாம். 320 என்றால் நன்றாகத் திணறுவீர்கள்.

எந்தப் பாட்டை வைத்துக் கேட்பது?

உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்று, பேச்சு ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் ஒன்று. வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இவை எல்லாவற்றையும்விட பிங்க் நாய்ஸ்தான் கெட்டிக்காரன். கேட்க இனிமையாக இருக்காது. துண்டு பத்து, பதினைந்து நொடி போதும். சத்தத்தின் நுணுக்கம் மனதில் சில நொடிதான் நிற்கும். முழுப் பாட்டையும் கேட்டு, டீ குடித்து, அடுத்த ஆம்பைப் போட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

எந்த நேரத்தில் வைப்பது?

கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் பகலில் வைக்காதீர்கள். பனையோலை இரைச்சலே பாதியை மறைத்துவிடும். இரவு பத்துக்கு மேல் நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் ஊர் வெக்கையில் அது தண்டனைதான், அதனால் கால் மணி நேரம் கேட்டு, கால் மணி நேரம் காற்று வாங்குங்கள்.

லைன் வோல்ட்டேஜையும் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், ரெகுலேட்டர் இல்லாத ஆம்பின் உச்ச சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சத்தமாக வைத்தால் ஒலி சீக்கிரம் உடைந்து கரகரக்கும். அந்த நேரத்தில் தோற்ற ஆம்பைத் தோற்றதாக எழுத வேண்டாம்.

அப்பா இருபது வருசம் விசைப்படகில் என்ஜின் பக்கத்தில் நின்றவர். அவரை உட்கார வைக்கலாமா?

கட்டாயம். நாள் முழுக்க டீசல் என்ஜின் சத்தத்தில் நின்றவர்களுக்கு முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ஜால்ரா, 'ஸ' ஒலி இவற்றில் அவர் தடுமாறலாம். குரல், பாஸ், கரகரப்பு இவற்றில் சின்னப் பையன்களை மிஞ்சவும் கூடும். வீட்டில் அந்த ஸ்பீக்கரைக் கேட்கப் போவது அவர் என்றால் அவர் தீர்ப்புதான் வேண்டும்.

புது ஆம்ப் நூறு மணி நேரம் ஓடினால்தான் 'செட்' ஆகுமாமே?

ஸ்பீக்கர் கோன் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும். ஆம்பில் இளக எதுவும் இல்லை, பழகுவது நீங்கள்தான். திருப்பிக் கொடுக்கும் தவணை முடிகிற வரை ஓட்டச் சொல்கிற கடைக்காரரிடம் தவணையை நீட்டித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கூட ஆள் இல்லை. தனியாளாக முடியுமா?

ஆம்ப், ஸ்பீக்கர் முடியாது. பாட்டு ஃபைல்களை முடியும். கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளைப் போட்டு, அதில் ஏபிஎக்ஸ் துணைநிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபைலையும் தேர்ந்தெடுத்தால் சத்தத்தை அதுவே சமமாக்கும், கலைத்துப் போடும், கடைசியில் கணக்கையும் சொல்லும். இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து (மூலப் பதிவிலிருந்து) வந்தவையாக இருக்க வேண்டும். சிடியிலிருந்து எடுத்த ஒரு ஃபைலை நீங்களே எம்பி3 ஆக்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஹெட்போன் போதும், ஒயர் உள்ளதாக இருக்கட்டும், ப்ளூடூத் என்றால் அது தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கிவிடும்.